மூன்றாவது பெயர்

அம்மாவின் தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி ஒரே தடவையில் முடிச்சுப் போட்டது லோர்ப்புவின் கை. பிரசவத்தில் எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை அது. மூக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை உறிஞ்சியதற்குச் சித்தி முறைத்தாள்.

“அழுதே, தோலை உரிச்சுடுவேன். உன் மாமன் வரட்டும். அவன் வந்து சொல்லாம இந்த வீட்ல யாரும் சாகல.”

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. கூடப் பிறந்த அண்ணனின் கையில் கோலாக் கொட்டையைக் கொடுத்துச் சேதி சொல்ல வேண்டும். அவர் வாசலில் நின்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை செத்தவள் செத்தவள் இல்லை, களைத்திருக்கிறாள், அவ்வளவுதான். சுமோ மாமா பாங்கா நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். மழைக்காலச் சேற்றில் எத்தனை இடத்தில் இறங்கித் தள்ளுகிறாரோ.

ஆனால் பத்து மணிக்கு மருத்துவச்சிப் பள்ளியைக் கணக்கெடுக்க அரசு அதிகாரி வருகிறாள்.

சண்டை ஓய்ந்த நாட்டில் மருத்துவம் சொல்லித்தர எங்கே, எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று அரசு கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. மருத்துவச்சிப் பள்ளி என்றால் மூன்று ஆசிரியர்களாவது வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் பூட்டுதான். இருபத்தாறு பெண்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நேற்று படிவத்தை நிரப்பியதே லோர்ப்புதான். பிரசவ வார்டு வேலை போக, பள்ளியின் எழுத்து வேலையும் அவள் தலையில். மூன்றாவது ஆசிரியராக ‘கோர்ட்டோ’ என்று அம்மாவின் பெயரை எழுதியபோது அவள் அறைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கச் சமையல் கொட்டகையில் தலைமையாசிரியர் கெசெலி காத்திருந்தார். சண்டையில் எரிந்த பள்ளிக்கு மறுபடி கூரை போட்டவர். அந்தக் காலை நேரத்திலேயே சட்டை நனைந்திருந்தது.

“லோர்ப்பு, அந்தப் பேப்பர்ல உங்கம்மா பேரை அடிச்சுடாதே.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?”

“பொய் எங்கே வந்துச்சு? உங்க மாமா வந்துட்டாரா? இல்லல்ல? அப்ப உங்கம்மா களைச்சிருக்காங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ ஆசிரியர் பயிற்சிக்குப் பேர் கொடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல. அடுத்த ஆள் தயாராகுதுன்னு பள்ளிக்கு ஒரு வருஷம் தவணை தந்திருப்பாங்க.”

இரண்டு முறை அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை இரண்டு முறையும் திருப்பித் தந்தவள் லோர்ப்பு. அம்மாவின் நோயைக் காரணம் சொன்னாள். உண்மை வேறு. வார்டில் அவள் புலி. வகுப்பின் முன் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘மரவள்ளி டம்பாய் உருண்டையை முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம நிக்கறா பாரு’ என்று அம்மா கேலி செய்வாள்.

அதிகாரி யாசா ஐம்பதைத் தாண்டியவள். சேற்றுச் செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். கட்டில், கிணறு, புத்தகம். பாடத்துக்கு வைத்திருந்த எலும்புக்கூட்டின் முன் நின்றாள்.

“இடது கை எங்கே? சண்டையில போச்சா?”

“இல்ல மேடம்,” என்றார் கெசெலி. “சண்டையில தப்பிச்சுது. போன வருஷம் நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு.”

அவள் சிரித்தாள். லோர்ப்புவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த கேள்வியில் அதுவும் போனது.

“மூணு பேர் போட்டிருக்கு. கோர்ட்டோ எங்கே?”

கெசெலி கூரையைப் பார்த்தார். லோர்ப்புதான் சொன்னாள். “களைச்சிருக்காங்க.”

பேனா நின்றது. யாசாவும் அந்தப் பக்கத்துக்காரிதான், அந்தச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியும்.

“எப்பலேர்ந்து?”

“விடியக்காலையிலேர்ந்து.”

“மாமா?”

“வழியில இருக்கார்.”

யாசா பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள். மூன்று என்றும் எழுதவில்லை, இரண்டு என்றும் எழுதவில்லை. “கண்ணால பாக்காததை எழுத மாட்டேன். காதுல விழாததையும் எழுத மாட்டேன்,” என்றாள். “பதினோரு மணிக்கு அவங்க பாடம்னு அட்டவணை சொல்லுது. யார் எடுக்கறது?”

“நானே...” என்று கெசெலி மேசையில் இருந்த அம்மாவின் பாடப் பைக்குக் கை நீட்டினார்.

அந்தப் பையில், அம்மா இடுப்பில் சுற்றிய தன் பழைய சிவப்பு லாப்பாத் துணியைக் கிழித்துப் பாடத்துக்காகத் தைத்த துணிக் கருப்பை இருந்தது. அகதி முகாமில் உட்கார்ந்து தைத்தது. அதை இன்னொருவர் கை எடுப்பதை லோர்ப்புவால் பார்க்க முடியவில்லை.

“நான் எடுக்கறேன்,” என்றாள்.

வகுப்பில் இருபத்தாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் அழவில்லை, அழக்கூடாது. கடைசி பெஞ்சில் யாசா உட்கார்ந்தாள். லோர்ப்பு மேசையில் துணியை விரித்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் போயிற்று. கெசெலி நெற்றியைத் துடைத்தார். முன்வரிசை நோவாயின் கண் நிறைந்து வழிந்தது.

“நோவாய்!” வார்டுக் குரல் தானாக வந்தது. “அழறியா? இங்க ஒருத்தி பிள்ளையப் பெத்துட்டு ரத்தம் கொட்டிக் கிடக்கா. உன் கண்ணீரைக் குடிச்சா பொழைப்பா? எழுந்து வா. கிட்ட நின்னு பாரு.”

பிறகு தடையில்லை. வலது கையை முஷ்டியாக்கித் துணிக்கு உள்ளே செலுத்தினாள். இடது கையால் மேலிருந்து அழுத்தினாள். “ரெண்டு கைக்கும் நடுவுல கருப்பையை நசுக்கிப் பிடிக்கணும். அஞ்சு நிமிஷம். வீடு பத்தி எரிஞ்சாலும் கையை எடுக்கக்கூடாது. எடுத்தா அவ போயிட்டா. யாரு நேரம் பாக்கறா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி கையிலும் கடிகாரம் இல்லை. பின்னாலிருந்து யாசா மணிக்கட்டைத் தூக்கினாள். “நான் பாக்கறேன்.”

மோட்டார் சைக்கிள் சத்தம் மைதானத்தைத் தாண்டி அம்மாவின் வீட்டுப் பக்கம் போய் நின்றது. லோர்ப்பு பேசுவதை நிறுத்தவில்லை. முஷ்டியை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது சித்தியின் ஓலம் எழுந்தது. அதைத் தொட்டு இன்னொன்று, பிறகு தெருவே.

கெசெலி தொப்பியைக் கழற்றினார். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஓடிப்போய் அம்மாவின் மேல் விழ வேண்டும் என்று லோர்ப்புவின் உடம்பு முழுக்கத் துடித்தது. கண்ணீர் மூக்கு வழியாக மேசையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

யாசா எழுந்து முன்னால் வந்தாள். மேசை ஓரத்தில் படிவத்தை வைத்து, மூன்றாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தாள்.

“ஜனவரியில ஆசிரியர் பயிற்சி ஆரம்பிக்குது,” என்றாள் மெதுவாக. “உன் முழுப் பேர் என்ன?”

லோர்ப்பு கெசெலியைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“லோர்ப்பு டோக்பா.”

கோட்டுக்குக் கீழே யாசா எழுதினாள்.

“அக்கா,” என்று நோவாய் கையை நீட்டினாள். “நீங்க போங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

“எவ்வளவு ஆச்சு?” என்று லோர்ப்பு கேட்டாள்.

யாசா கடிகாரத்தைப் பார்த்தாள். “மூணு நிமிஷம்.”

லோர்ப்பு காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, சிவப்புத் துணிக்குள் முஷ்டியை இன்னும் இறுக்கினாள்.