சின்னம் சிறுத்த நோட்டீஸ்

தேர்தலில் அண்ணன் மூன்றாம் இடத்துக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் தோல்விக்குக் காரணம் சொல்லி ஊரில் பாதிப் பேரைத் திட்டித் தீர்த்துவிட்டார். டிரைவர் நாலு தெருவை விட்டுவிட்டானாம். மைக் பிடித்தவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். மழை வேறு இவரைக் கேட்காமல் பெய்ததாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு மொத்த வீடும் கோணல்.

இன்று காலை என் அச்சகத்துக்கு வந்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். ஒரு கடிதத்தை எடுத்துக் காகிதக் கட்டின் மேல் விரித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் பேச்சைக் கேட்டு, நோட்டீஸில் சின்னத்தை வேண்டுமென்றே சிறிதாக அடித்தேன் என்று நான் ஒப்புக்கொள்ளும் கடிதம்.

"பதினோரு மணிக்குக் கட்சியில விசாரணை. யாரையாவது காட்டலைன்னா என்னைத் தூக்கிடுவாங்கடா. இருபது வருஷம். எனக்கு வேற எதுவும் தெரியாது."

"இதுல கையெழுத்துப் போட்டா, விசிட்டிங் கார்டு அடிக்கக்கூட எவனும் என்கிட்ட வர மாட்டாண்ணே. கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

புரூஃப் குத்தி வைக்கும் கம்பியிலிருந்து அந்த நோட்டீஸை உருவிக் காட்டினேன். ஓரத்தில் சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார்: 'சின்னத்தைச் சுருக்கு. முகம் பெரிசா வரணும்.' ஜனங்கள் சின்னத்தைத்தான் தேடுவார்கள் என்று அன்றைக்கே சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு ஜெராக்ஸ் இருக்கா?"

"இல்ல."

மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

"நான் போட மாட்டேண்ணே," என்றேன்.

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு இருந்த கோபத்திலும், இந்த மனிதர் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"நேத்து சாயங்காலமே டிவிக்குப் பேட்டி குடுத்துட்டேன்டா. கூடப் பொறந்தவனே காலை வாரிட்டான்னு. பத்து மணிச் செய்தியில வருது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

"நீ போடலைன்னா நான் பொய்யனாயிடுவேன்."

"போட்டா நான் என்ன ஆவேன்?"

அண்ணன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.