ஒரு கதைக்கு எத்தனை ஆசிரியர்?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் மாவட்டத்து எழுத்தாளர்களுக்கான செயலியில், என் கதையைவிட 'ஐஸ் பெட்டி' என்ற கதையை அதிகம் பேர் படித்திருந்தார்கள். அதை நக்கலடித்து ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். செயலியைக் கட்டிய செவந்தி குறுக்கே வந்து கதையைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதல் தொடக்கம்: 'அறந்தாங்கியில் அன்று மழை...'

(மழை பெய்யவில்லை. மழை வந்தால் இலக்கியமும் வரும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.)

2

செவந்தி அறந்தாங்கியில் வீட்டு மாடியறையிலிருந்து மென்பொருள் எழுதுபவள். அவளுடைய தரவுத்தளத்தில் ஒரு விதி: ஒரு கதைக்கு ஓர் ஆசிரியர். கட்டுமாவடித் தோழிகள் பொன்னம்மாளும் இருளாயியும் சேர்ந்து எழுதிய 'ஐஸ் பெட்டி'யில் பொன்னம்மாள் பெயர் மட்டும் ஏறியது. பொன்னம்மாள்தான் தன் பெயரை அடித்துவிட்டாள் என்று நினைத்து இருளாயி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள், ஆத்திரம் தாளாமல் செவந்திக்கு ஃபோன் போட்டாள்.

"பாதிக் கதை நான் எழுதுனதுங்க. எம் பேரு எங்கிட்டுப் போச்சு?"

செவந்திக்குக் காது சுட்டது. "பொன்னம்மாக்கா எதுவும் செய்யலைக்கா. ரெண்டாவது பேருக்கு நான்தான் எடமே வைக்கலை."

"கதை எழுதுற ஆளு ஒத்தையாத்தான் இருக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டதுதான்.

3

செவந்தி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். கதைகள் ஓர் அட்டவணையில், ஆசிரியர்கள் இன்னொன்றில், யார் எதை எழுதினார் என்று இணைக்க நடுவில் மூன்றாவது. (இது கல்யாணத் தரகரைப் போல... வேண்டாம். உவமை எனக்கு வராது.) அடுத்தது ஏபிஐ, ஃபோன் கேட்கும் கதையை எடுத்துத் தரும் வாசல். அதையும் மாற்றினாள். அங்கேதான் சறுக்கியது. ஒற்றைப் பெயருக்குப் பழகிய ஃபோன்கள், பெயர்கள் கூட்டமாக வந்ததும் திகைத்து, ஒரு பெயரையும் காட்டவில்லை. எல்லாக் கதைகளும் அநாதையாகின.

எழுத்தாளர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். நானும்தான். (அன்று பெயரில்லாத என் கதையை இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். இதை மேற்கொண்டு ஆராய விரும்பவில்லை.)

செவந்தி பழைய வாசலை மறுபடி திறந்து, அதில் பெயர்களை ஒரே வரியாக ஒட்டி அனுப்பினாள். புதிய வாசலைப் பக்கத்தில் தனியாகக் கட்டினாள். பெயர்கள் திரும்பின. அகரவரிசைப்படி: இருளாயி, பொன்னம்மாள்.

4

உடனே பொன்னம்மாள் கூப்பிட்டாள். "அவ பேரு முன்னாடியா? கதையைத் தொடங்குனது நானுங்க. அகரவரிசைதான்னா எம் பேரை அல்லின்னு மாத்துங்க!"

செவந்தி சட்டென்று இருளாயியையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டாள்.

"எம் பேரை நீதான் அடிச்சிட்டேன்னு நெனைச்சேன்க்கா," என்றாள் இருளாயி.

"நெனைச்சவ ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடி? ஒன் பேரு இல்லாம அந்தக் கதையை நான் தொறந்துகூடப் பாக்கலை."



முடிவு ஒன்று: 'உன் பெயரே முதலில் இருக்கட்டும்' என்று இருவரும் விட்டுக்கொடுத்தார்கள்.

(இந்த வரைவைப் படித்த செவந்தி சிரித்தாள். "நீங்க அவங்களைப் பாத்ததே இல்லையில்ல?")

முடிவு இரண்டு: கோபத்தில் இருவரும் ஃபோனை...

இல்லை. இருவரும் சண்டை போட்டார்கள். தொடங்கியது பெரிதா, முடித்தது பெரிதா என்று தொடங்கி, கடைசி வரி சரியில்லை என்பதில் ஒத்துப்போய், அடுத்த கதைக்குத் தாவினார்கள். "நான் ஃபோனை வைக்கட்டுமாக்கா?" என்று செவந்தி கேட்டது இருவர் காதிலும் விழவில்லை.

யார் பெயர் முதலில் என்பது மட்டும் முடிவாகவில்லை. நான் எழுதினால் ஒருத்தியாவது பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாள். ஆகவே நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்:

ஐஸ் பெட்டி. எழுதியவர்கள்: ________, ________.