நாலாம் மெஷினை ஓட்டியது யார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்கே முழங்கை வரை எண்ணெய். பதினொரு பிரஸ் மெஷின்களும் தகடு வெட்டத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தும்முவதுகூடக் கேட்காது. அங்கே மெஷின் ஓட்டும் கஜபதிக்கு மட்டும் எல்லாம் கேட்கும். டீயில் தண்ணீர் கூடினால் சதி என்பார். வண்டி பஞ்சரானால் ஆணி வைத்தவன் யார் என்று தேடுவார்.

போன மாதம் முதலாளி நடேசன் சுவரில் பெரிய டிவி மாட்டியபோது கஜபதியின் புருவம் ஏறாமல் இருக்குமா? மெஷினுக்கு ஒரு கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அமைத்துத் தர வந்தவள் நிவேதிதா, திருவேற்காட்டு ஃபிளாட்டிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இன்ஜினீயர்.

"ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ண்ணா. ஓசிதான். யார் வேணா எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னும் படிக்கலாம்."

"ஓசில ஒருத்தன் குடுக்கறான்னா இன்னாத்துக்கு குடுக்கறான்?"

"எல்லாரும் சேர்ந்து செஞ்சு எல்லாருக்கும் குடுக்கறாங்க."

"அப்பறம் மொதலாளி கையில மட்டும் ஏன் கீது?"

அவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. ஆனால் சந்தேகக்காரருக்குப் பாடம் சீக்கிரம் ஏறும். எதைத் தொட்டால் எது வரும் என்று ஒரு வாரம் அவளைத் துளைத்தெடுத்தார். எந்த மெஷினை, எப்போது, எங்கிருந்து ஓட்டினார்கள் என்று பதிந்துவைக்கும் பக்கம் ஒன்று அதில் உண்டு. தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மதியச் சோற்றையே பிரிப்பார்.

நடேசனோ அலுவலகக் கணினியை விட்டு எழுவதே இல்லை. சிவப்பு கூடியவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கணினிக்குத் தெரியாத வழக்கம் ஒன்று அங்கே இருந்தது. அச்சில் தகடு சிக்கினால், மெஷினை நிறுத்தி, அதை ஓட்டும் பச்சைப் பட்டன்மேல் தன் துண்டைத் தொங்கவிட்டுத்தான் கையை உள்ளே விடுவார்கள். துண்டு தொங்கும் பட்டனை எவரும் தொடமாட்டார்கள்.

அன்று காலை நாலாம் மெஷினில் ராணி துண்டைத் தொங்கவிட்டாள். கையை விட்டாள். பட்டனை யாரும் தொடவில்லை. மெஷின் இறங்கியது.

இரண்டு விரல். பக்கத்து மெஷின் யூசுப் அவளை ஆட்டோவில் ஏற்றிப் போனார். ரத்தம் காயுமுன் நடேசன் வந்து நின்றார்.

"அவளே அமுக்கிகினா. கவனம் இல்ல. நஷ்டஈடு அது இதுன்னு யாரும் கிளம்பாதீங்க. அவளுக்கு இனி இங்க வேலையும் இல்ல. போய் மெஷினை ஓட்டுங்க."

கஜபதி டிவிக்குக் கீழிருந்த கீபோர்டைத் தட்டினார். பதிவுப் பக்கம் திறந்தது. மூத்த தொழிலாளி துலுக்கானம் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்:

"நாலாம் மெஷின்... இயக்கு... ஆறு நாப்பத்திரண்டு... இடம், அலுவலகம்."

"ஆபீஸ்ல யார் சார் இருந்தது?" என்றார் கஜபதி.

"ஓசி சரக்குய்யா. தப்பாக் காட்டுது."

"நாங்க ரெண்டு நிமிசம் நின்னா கரெக்டா காட்டிச்சே. இன்னிக்கு மட்டும் பொய் சொல்லுதா?"

டிவியைச் சரிபார்க்க அன்று காலையே வந்திருந்த நிவேதிதாவிடம் நடேசன் திரும்பினார். "நிவேதிதா, அந்த வரிய அழிச்சிடும்மா."

முதலில் ஒன்றாம் மெஷின் நின்றது. பிறகு ஏழு. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஓடிக்கொண்டிருந்த அத்தனையும் நின்றன. அத்தனை கண்களும் அவள் மேல்.

"ஆபீஸ்லேர்ந்து ஓட்டற பட்டனை வெச்சது நான்தான்," என்றாள். "சார் கேட்டாரு, வெச்சேன். இவங்க கையை எப்போ உள்ள விடுவாங்கன்னு இவங்ககிட்ட கேக்கவே இல்ல. அழிக்க மாட்டேன் சார்."

கஜபதி அந்தப் பக்கத்தைப் படமெடுத்தார். தன் போனையே நம்பாதவர் ஆகையால் எல்லோர் போனிலும் எடுக்க வைத்தார். அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து யூசுப் அழைத்தார்: ராணிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, வேலை இருக்கா என்று கேட்கிறாள்.

எல்லோரும் வெளியே போய் கேட் அருகில் தரையில் உட்கார்ந்தார்கள். ராணிக்கு வேலையும் நஷ்டஈடும் வேண்டும், ஆபீஸ் பட்டன் போக வேண்டும், அதுவரை எழுவதில்லை.

சற்றுப் பொறுத்து நிவேதிதாவும் வந்தாள்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நடந்ததை எழுதிக் குடுக்கறேண்ணா. கையெழுத்தோட."

கஜபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு மாத்திப் பேசமாட்டியே?"

"மாட்டேன்."

"எனக்கு நம்பிக்க இல்ல," என்றவர், துலுக்கானத்தை இடித்து நகர்த்தி இடம் உண்டாக்கினார். "உக்காரு. இங்கயே எழுது. நாங்க பாத்துகினே கீறோம்."