மல்லாந்து விழும் கலை

எங்கள் அம்மா ஜெனோபியா டெல்மார் யாரையும் பெற்றவள் இல்லை. பகலில் தொப்பிக் கடையில் பிறந்தபோது வைத்த கிளியோஃபஸ் என்ற ஆண் பெயரிலேயே வேலை பார்த்தவள். பெண்களாக வாழ முற்பட்டதற்காகப் பெற்றோர் துரத்திவிட, ஹார்லெம் தெருக்களில் நின்ற எங்கள் ஒன்பது பேருக்கும் சோறு போட்டு, தன் பெயரையும் கொடுத்தவள். பெண்வேடமிட்டு ஆடிக் கோப்பை வாங்கும் எங்கள் பால்ரூம் போட்டிகளில், ஆட்டத்தின் உச்சத்தில் ஒரு காலை மடக்கித் தரையில் மல்லாந்து சாயும் அசைவை முதலில் செய்தவள் அவள்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில்.

தொண்ணூறில் அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. நகரத்தின் தென்பக்கம் ஒரு நடனப் பள்ளி அதை ஆறே வாரத்தில் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்தது.

"நமக்கு என்னென்ன தெரியலைன்னு பாத்துட்டு வருவோம், வா" என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

ஆசிரியை கிரெட்சன் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "இது சாதாரணமா விழுறது இல்ல. ஒடுக்கப்பட்ட உடம்போட மரணம்." மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அம்மாவின் முறை வந்தது. சத்தமில்லாமல் தரையில் சாய்ந்தாள்.

"அழகா இருக்கு. ஆனா உங்க முகத்துல சாவு தெரியலையே" என்றாள் கிரெட்சன்.

"செத்தா மூஞ்சி நல்லா இருக்காதேம்மா."

"முதல்ல இதை ஆடினவங்க எவ்வளவு வலியோட ஆடியிருப்பாங்கன்னு யோசிங்க."

"முதல்ல ஆடினது நான்தான்."

கிரெட்சன் பரிவோடு சிரித்தாள். "போன வாரமும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு."

மறுநாள் நான் பழைய புகைப்படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கிரெட்சன் அழுதே விட்டாள். அந்த ஞாயிறு மதியம், பள்ளியின் புரவலர்கள் முன்னால் பேச அம்மாவை அழைத்தாள்.

ஒயின் கோப்பைகளோடு எண்பது பேர் காத்திருந்தார்கள். அம்மா மைக்கைப் பிடித்தாள். "ஆடிட்டிருந்தப்ப செருப்போட ஹீல் ஒடிஞ்சுது. விழுந்துட்டேன். எழுந்திரிச்சா போட்டிக்கு வந்தவளுங்க சிரிப்பாளுங்க. அதனால படுத்தபடியே ஒரு கையை நீட்டி, இதுக்குத்தான் வந்தேங்கிற மாதிரி பாத்தேன். கோப்பையை குடுத்துட்டாங்க."

வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் எழுந்து, "ஒடிந்த ஹீல்! என்ன ஒரு உருவகம்!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

கிரெட்சன் அம்மாவின் காதருகே குனிந்தாள். "ஹீல்னு நம்ம தேசத்தைத்தானே சொல்றீங்க?"

"தள்ளுபடியில வாங்கின செருப்பைச் சொல்றேன்."

ரயிலில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "இடுப்பு போச்சுன்னே நெனச்சேன்டி அன்னிக்கு. அவ்ளோ பயம். எண்பது பேர்ல ஒருத்தராவது 'அடி பட்டுச்சா'ன்னு கேட்டாங்களா பாத்தியா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும்தான் கேட்டதில்லை.

அடுத்த பருவத்துக்கு அவளையே ஆசிரியையாக வரச் சொன்னார்கள். ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்: தத்துவம் கிரெட்சனுக்கு, தரை தனக்கு.

முதல் நாள் வரிசையில் கிரெட்சனும் நின்றாள், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. அம்மா அதை வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

"மோவாயை நெஞ்சோட ஒட்டிக்கோங்க. மண்டை தரையில படக்கூடாது. சாவைப் பத்தி அப்புறம் பேசலாம், மொதல்ல சாகாம விழப் பழகுங்க."

கிரெட்சன் தொப்பென்று விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, வலிக்கும் இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

"பரவாயில்லடி, நல்லாத்தான் விழுந்தே. எந்திரி, இன்னொரு தடவை."