புதிதாய் எழுந்த கன்டெய்னர்

கணினி வகுப்பில் கன்டெய்னர் பாடம் ஆரம்பித்ததிலிருந்து தம்பிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் ஓடும் என்று வீட்டில் எல்லோர் காதையும் துளைத்தான். வசமாகச் சிக்கியது அண்ணிதான்.

அண்ணி பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள். வந்து சேர்ந்த நாளில் ஒவ்வொரு பிள்ளையும் எப்படித் திக்கியது என்பதைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். அன்று அப்படி, இன்று இப்படி என்று போட்டுக் காட்டினால்தான் அவளுடைய ஆய்வுக்குப் பட்டம் கிடைக்கும். அந்தக் குரல்களை ஏற்றி வைக்க, வீட்டுக் கணினியில் ஒரு கன்டெய்னரை ஓடவிட்டு அவன் ஒரு தளம் செய்து கொடுத்தான். ஏற்றி முடித்ததும் போனில் இருப்பதை அழிக்கச் சொன்னவனும் அவன்தான்.

தேர்வாளர்கள் வரும் நாள் காலையில் தளம் திறக்கவில்லை. தம்பிக்காரன் பதறவில்லை. மக்கர் செய்யும் கன்டெய்னருக்கு வைத்தியம் பார்க்காதே, நீக்கிவிட்டு இமேஜ் என்ற அச்சிலிருந்து புதியதை எழுப்பு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நீக்கினான், எழுப்பினான். கண்மூடித் திறப்பதற்குள் தளம் பளிச்சென்று வந்தது.

உள்ளே ஒரு குரல்கூட இல்லை.

மறுபடி திறந்து பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. அச்சில் இருப்பது மட்டும்தான் திரும்ப வரும்; ஓடும்போது உள்ளே சேர்ந்தது கன்டெய்னரோடு போய்விடும். அது தங்க வேண்டுமானால் வெளியே வால்யூம் என்று ஓர் இடம் ஒதுக்கி இணைத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டி வந்திருந்தான், பாவி.

கைப்பையோடு கிளம்பி வந்த அண்ணியிடம் நாக்கு குழறச் சொல்லி முடித்தான். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"புள்ளைங்க இங்கதானே இருக்காங்க அண்ணி, மறுபடியும் பதிவு பண்ணிடலாம்" என்றான், பேயறைந்த முகத்தோடு.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படி தம்பி? அவங்கதான் இப்ப நல்லா பேசுறாங்களே."