அடிக்காத மணி

ஆம்பூரில் அந்தச் சின்ன கிறிஸ்தவ சபைக்குப் பாண்டியன்தான் செயலாளர். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர்; எதையும் சட்டுபுட்டென்று முடிக்கிற ஆள். யாராவது இறந்தால் கோயில் மணியை விட்டு விட்டு அடிக்கும் வழக்கத்தை ஆறேழு மாதத்துக்கு முன் நிறுத்தியவன் அவன்தான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு; மணி கேட்டு, இறந்தது யாரென்று விசாரித்து ஓடிவர இந்தக் காலத்தில் யாருக்கு நேரம்? வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் ஆயிற்று. போதகரும் தலையாட்டினார். மணியை நிறுத்திய அறிவிப்பும் அந்தக் குழுவில்தான் போனது. பொய் சொல்லக் கூடாது, வசதியாகத்தான் இருந்தது. வேலூருக்கும் நாட்றம்பள்ளிக்கும் குடிபோனவர்கள்கூட அடக்கத்துக்கு நேரத்தோடு வந்தார்கள். பாண்டியனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்.

அந்த ஞாயிறு ஆராதனை தொடங்கும் முன் சௌந்தரம் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் தனியாகக் குடியிருக்கிறவள். முழங்கால் வலியோடு வாரம் ஒருமுறை கோயிலுக்கு வருவதே அவளுக்குப் பெரும்பாடு. பக்கத்தில் பெஞ்சின் மேல் வேதாகமத்தை வைத்து இடம் பிடித்திருந்தாள். அது எஸ்தரின் இடம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்து இருவரும் ஒட்டி உட்கார்ந்துதான் பழக்கம்.

"எஸ்தரு சொகமா வூடு திரும்பணும்னு ஐயாவ ஜெபம் பண்ணச் சொல்லுப்பா. வேலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து எப்ப வர்றான்னு தெர்ல."

பாண்டியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்தரை வியாழக்கிழமையே அடக்கம் செய்தாயிற்று. குழுவில் செய்தி போட்டவனே அவன்தான். கைகூப்பும் படங்கள் மளமளவென்று வந்து விழுந்ததும், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நிம்மதியானவன். சௌந்தரத்திடம் போன் கிடையாதென்று அவனுக்குத் தெரியாதா என்ன? யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவனும் நினைத்தான், மற்றவர்களும் நினைத்தார்கள். கல்லறையில் அவளைக் காணோமே என்று ஒருவர் கேட்டபோது, கால் வலியாக இருக்கும் என்று பதில் சொன்னதும் அவனேதான்.

வாய் குழறி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னான். சௌந்தரம் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"மணி அடிக்கலியே," என்றாள். "தெனமும் காதக் குடுத்துக்கினே இருந்தேன்பா. அடிக்கல, அப்ப உசுரோடதான் இருக்கான்னு நிம்மதியா சோறு துன்னேன்."

பாண்டியன் நேரே கோபுரத்தடிக்குப் போய், தூசி படிந்த கயிற்றைப் பிடித்து இழுத்தான். பழையபடி விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடித்தான்.

சட்டைப்பையில் போன் ஓயாமல் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தான். யார் இறந்தது, யார் இறந்தது என்று குழுவில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கயிற்றை விடவில்லை. கோயில் வாசலில், முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சௌந்தரம் அப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தாள்.