பரணில் ஒரு தொப்பி

கிழவர் தாவெட்டி காணாமல் போன மறுநாள் காலை, எங்கள் வேட்டைக் குழு மொத்தமும் காட்டோரத்தில் கூடிவிட்டது. கடமான் வேட்டை தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவருக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்திருந்தது, காதும் மந்தம். இரவுக் குளிரில் எத்தனை நேரம் தாங்குவார் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

"எங்கன்னு தேடுறது?" என்று அவர் மனைவி ஐலாவைக் கேட்டேன்.

"எங்கயாச்சும் விழுந்துதான் கெடப்பாரு. முட்டி போயி எவ்ளோ நாளாச்சு! சவுனாவுல மேல் பலகைக்கு ஏற முடியாம, அடிப்படியில உக்காந்துக்கிட்டு சூடே வரலைன்னு மொணங்குற மனுஷன்."

அது ஊரறிந்த கேலி. சவுனாக் குளியலறையில் ஆவியெல்லாம் மேலே, தாவெட்டி கீழே.

வரிசையாக நடந்தோம். புதர், பள்ளம், ஓடை, சாய்ந்த மரத்தின் அடி என்று எதையும் விடவில்லை. மதியம் வெட்டவெளி ஓரத்து வேட்டைப் பரணுக்குக் கீழே களைத்துப்போய் நின்றோம். அதன் ஏணியில் சாய்ந்தபடி எங்கள் குழுவின் ரெய்யோ காப்பி ஊற்றிக் கொடுத்தான். ஒருவனாவது தலையைத் தூக்கினானா? இல்லை. படியேற முடியாதவரை எவன் மேலே தேடுவான்? குடித்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தபடி நடந்தோம். அன்றும் கிடைக்கவில்லை, அடுத்தடுத்த நாட்களிலும் கிடைக்கவில்லை.

வேட்டையின் முதல் நாள் ரெய்யோ அந்தப் பரணில் ஏறினான். மேலிருந்து என் பெயரைச் சொல்லி அலறினான்.

தாவெட்டி பலகையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் கடமானுக்குக் காத்திருந்த அவருடைய சொந்த இடம் அது. எப்படி ஏறினாரோ, முட்டி வலியையும் மறந்துவிட்டார் போல. இறங்கும்போதுதான் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியைக் கழற்றி, வெளியே தெரியும்படி கைப்பிடிக் கட்டையில் கட்டியிருந்தார். நாங்கள் காப்பி குடித்தபோது உயிர் இருந்ததா என்று, உடலைப் பார்த்த டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

தொப்பியை ஐலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"காது குளிருதுன்னு வீட்டுக்குள்ளகூட இதக் கழட்ட மாட்டாரு," என்றாள். "நாம பாப்போம்னு நம்பிக் கழட்டியிருக்காரே."